வெறும் கட்டம் என்ன சொல்லுது?

போன தைப்பொங்கலுக்கு எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் நடந்ததை எழுதுவதா விடுவதா என்று கொஞ்சக் காலம் யோசித்துக்கொண்டிருந்தேன். பிழை என்னுடையது. அதுவும் சம்பளம் வாங்கிச் செய்யும் தொழிலிலேயே விட்ட பிழை. ஆனால் இந்தப் பகுதியை வாசிக்கிற அநேகம் பேர் செப்டெம்பர் வந்தால் பிள்ளைகளுக்காகப் படிவம் படிவமாக நிரப்புகிறவர்கள். பலர் ஏதாவதொரு தமிழ் வகுப்பிலோ கோயிலிலோ விளையாட்டுக் கழகத்திலோ ஒரு பெயர்ப் பட்டியலைக் கட்டி இழுக்கிறவர்கள். அதனால் எழுதிவிடுகிறேன்.

வகுப்பு ஸ்காபரோவில் ஒரு வாடகை மண்டபத்தில் நடக்கிறது. 140 பிள்ளைகள் வரை வருவார்கள். பொங்கலன்று காலை எட்டு மணிக்கே குசினியில் பானை ஏறிவிட்டது. வெளியே மைனஸ் 17. உள்ளே அம்மாமார் நாலு பேர், பக்கத்து அடுப்பில் நெய்யில் பொரிகிற கஜுவும் பிளம்ஸும். நான் செய்த ஒரே வேலை, முதல்நாள் இரவு ஒரு பட்டியலை அச்செடுத்துக் கொண்டுவந்து பிரிட்ஜ் கதவில் ஒட்டியதுதான். எந்தப் பிள்ளைக்கு எது ஒத்துவராது என்ற பட்டியல். பதினொரு பெயர், பக்கத்தில் கச்சான், கஜு, முட்டை, பால், எள்ளு என்று விபரம்.

இருபது வருடத்துக்கு மேலாக இந்த வகுப்பில் படிப்பிக்கிற ரீச்சர் ஒருவர் தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து அதை வாசித்தார். திரும்பவும் ஒருக்கா வாசித்தார்.

"தம்பி, உந்த லிஸ்ற்றில ஒரு பிள்ளையின்ர பேரைக் காணேல்ல."

"எந்தப் பிள்ளை ரீச்சர்?"

"கார்த்திகையில புதுசா வந்து சேர்ந்த பெடியன், மூண்டாம் வகுப்பு. தாய் வாசலில வச்சு எனக்குச் சொன்னவ. கஜு, பிஸ்தா ஒண்டும் குடுக்கக் கூடாதாம். ஊசி பையுக்குள்ளயே இருக்காம்."

கஜு அதற்குள் பானைக்குள் போய்விட்டிருந்தது.

அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் நடக்கவில்லை. ரீச்சர் தாய்க்குப் போன் எடுத்தார், அவனுக்கு வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது, அவன் பாட்டுப் போட்டியில் பாடிவிட்டுப் போனான். ஆனால் ரீச்சர் அன்றைக்குத் தடிமன் பிடித்து வீட்டில் நின்றிருந்தால்? அன்று பின்னேரம் முழுக்க எனக்கு அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. பட்டியலை எடுத்துத் தந்த டேட்டாபேஸை எழுதியவன் நான். அது பழுதாகவும் இல்லை. நான் கேட்டதைச் சரியாகவே தந்திருந்தது.

இனிக் கதையைக் கொஞ்சம் பின்னுக்குக் கொண்டுபோக வேணும்.

முதலில் எங்களிடம் இருந்தது ஒரு எக்செல் கோப்பு. மூத்த ரீச்சர்மார் அதையும் 'டாப்பு' என்றுதான் சொல்வார்கள். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வரவு பதிகிற இடாப்பின் ஞாபகம். ஒருநாள் யாரோ பெயர்களை அகர வரிசைப்படுத்த நினைத்து, பெயர் இருந்த நிரலை மட்டும் வரிசைப்படுத்திவிட்டார்கள். எக்செல் இப்படிச் செய்யப்போனால் வழக்கமாக ஒரு எச்சரிக்கை தரும். எங்கள் கோப்பில் பெயருக்கும் மற்ற விபரங்களுக்கும் நடுவில், வடிவாக இருக்கட்டும் என்று யாரோ விட்டிருந்த ஒரு வெறும் நிரல் இருந்தது. அதனால் எக்செலுக்கு அவை இரண்டும் சம்பந்தமில்லாத இரண்டு அட்டவணைகள். பெயர்கள் இடம் மாறின, போன் இலக்கங்களும் அலர்ஜி விபரங்களும் அப்படியே நின்றன. காய்ச்சல் வந்த பிள்ளையின் தாய்க்கென்று எடுத்த போனை வேறொரு தாய் எடுக்கும்வரை ஒருவருக்கும் தெரியாது.

அதற்குப் பிறகுதான் நான் கை உயர்த்தினேன். சரியான டேட்டாபேஸ் ஒன்றில் போடுவோம், விதிகளை எழுதிவைத்தால் இப்படிப் பிழை வராது என்று நிர்வாகக் குழுவில் பெரிய கதை கதைத்தேன்.

விதிகள் என்று நான் சொன்னது என்ன? டேட்டாபேஸில் ஒரு தகவலைச் சேர்க்கும்போதோ மாற்றும்போதோ அழிக்கும்போதோ, 'இது நடக்கலாமா?' என்று அது தன்னையே கேட்டுக்கொள்ளும்படி நாங்கள் எழுதிவைக்கிற நிபந்தனைகள். இந்தக் கட்டம் வெறுமையாக இருக்கக்கூடாது என்பது ஒன்று, அதன் பெயர் 'நொட் நல்'. இதே இலக்கம் இன்னொருவருக்கு இருக்கக்கூடாது என்பது 'யுனிக்'. வகுப்பு 1க்கும் 12க்கும் இடையில் இருக்கவேணும் என்பது போன்றவை 'செக்'. பெற்றோர் அட்டவணையில் இல்லாத ஒருவரைப் பிள்ளையின் பெற்றோராகக் காட்ட முடியாது, பிள்ளை இருக்கும்வரை அந்தப் பெற்றோரை அழிக்கவும் முடியாது என்பது 'ஃபொரின் கீ'. நான் பாவித்தது போஸ்ட்கிரஸ். இந்த நாலையும் அது கறாராகப் பார்க்கும். எல்லாம் அப்படி இல்லை. மைஎஸ்கியூஎல் 2019ஆம் ஆண்டு 8.0.16 பதிப்பு வரும்வரை செக் விதியை வாசித்துத் தலையாட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். எஸ்கியூலைட்டில் ஃபொரின் கீயை ஒவ்வொரு முறை இணையும்போதும் நீங்களே முடுக்கிவிட வேணும், இல்லாவிட்டால் எழுதியது எழுதியபடி கிடக்கும். யாராவது உங்கள் அமைப்புக்கு இலவசமாகச் செய்து தருகிறேன் என்று வந்தால் இதை ஒருக்காக் கேட்டுப் பாருங்கள்.

விதியை எங்கே எழுதுவது என்பதிலேயே எனக்கு முதல் அடி விழுந்தது. போன் இலக்கம் பத்து இலக்கமாக இருக்கவேணும் என்பதைத் திரையில் தெரிகிற படிவத்தில் மட்டும் எழுதினேன். அடுத்த வாரம் பழைய எக்செலை மொத்தமாக உள்ளே ஏற்றினேன். அது படிவத்தின் வழியாக வருவதில்லை, நேரே அட்டவணைக்குள் போகும். பிறகு பார்த்தால், போன் கட்டத்தில் 'வேலையில் நிற்பா, மாமிக்கு அடிக்கவும்' என்று இருக்கிறது. படிவம் முன்வாசல். ஒரு டேட்டாபேஸுக்குப் பின்வாசல், பக்கவாசல் எல்லாம் இருக்கும், பெரும்பாலும் அந்த வாசலால் போகிறவன் அதை எழுதியவனேதான். அதனால் விதி தகவல் கிடக்கிற இடத்திலேயே இருக்கவேணும். படிவத்தில் இருப்பது ஆட்களுக்கு மரியாதையாக முதலே சொல்வதற்கு.

இரண்டாவது அடி கொஞ்சம் வெட்கமானது.

எங்கள் வயதுக்காரருக்கு ஒரு அனுபவம் பொதுவாக இருக்கும். பத்து வயதில் அப்பா அம்மாவுக்காகப் படிவம் நிரப்பியது நாங்கள்தான். சமையலறை மேசையில் அப்பா பக்கத்தில் இருக்க, 'லாஸ்ட் நேம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று இரண்டு பேரும் முழித்திருக்கிறோம். எங்கட ஆட்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தகப்பன் பெயர்தான் முன்னுக்கு நிற்கும். அப்பாவுக்கு அப்பப்பாவின் பெயர் லாஸ்ட் நேம், எனக்கு அப்பாவின் பெயர் லாஸ்ட் நேம், என் மகளுக்கு என்னுடைய பெயர். ஒரே வீட்டில் மூன்று தலைமுறைக்கு மூன்று. இந்தியத் தமிழ் நண்பர்களின் கதை இன்னும் மோசம்: பாஸ்போட்டில் ஒரே பெயர்தான் இருக்கிறது என்பதால் அமெரிக்க விசாவில் 'எஃப்என்யூ', அதாவது முதற்பெயர் தெரியாது, என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு வங்கியிலும் டொக்டரிடமும் அவரை அந்த எழுத்துகளாலேயே கூப்பிடுவார்கள்.

இவ்வளவும் தெரிந்த நான், தமிழ்ப் பிள்ளைகளுக்காக எழுதிய டேட்டாபேஸில் கடைசிப் பெயருக்கு நொட் நல் போட்டேன். யோசித்துப் போடவில்லை, கை பழக்கம். கட்டாயம் என்றவுடன் ஆட்கள் என்ன செய்தார்கள்? ஒரு தாய் ஒரு புள்ளியை வைத்தார். புள்ளி வெறுமை இல்லை என்பதால் விதி சந்தோஷமாக ஏற்றுக்கொண்டது. ஆண்டிறுதிச் சான்றிதழில் பிள்ளையின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி பெரிதாக அச்சாகி வந்தது. ஏதோ வசனம் முடிந்ததுபோல.

வயதுக்கும் ஒரு செக் வைத்திருந்தேன், 4 முதல் 18 வரை. ஒரு மருமகள், தமிழ் தெரியாதவர், 34 வயது, புருஷனின் அம்மாவோடு கதைக்கவேணும் என்று படிக்க வந்தார். எங்களுக்கு அதைவிடச் சந்தோஷம் என்ன இருக்கு? பதிவு மேசையில் இருந்த அண்ணை பிறந்த ஆண்டைப் போட்டுப் பார்த்தார், டேட்டாபேஸ் மறுத்தது. வரிசையில் பின்னுக்கு இருபது பேர். 2014 என்று போட்டு அனுப்பிவிட்டார். இப்படியாக எங்கள் இடாப்பில் கார் ஓட்டிக்கொண்டு வருகிற ஒரு சின்னப் பிள்ளை இருந்தது.

இதில் அந்த அண்ணையிலோ அந்தத் தாயிலோ எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் உண்மையைச் சொல்லத் தயாராக இருந்தார்கள், உண்மையை எழுத நான் கட்டம் வைக்கவில்லை. விதி என்றால் நடக்கவே முடியாத தகவலைத் தடுக்கலாம், 31 சித்திரை என்ற தேதியை, 15ஆம் வகுப்பை. நடக்கக்கூடிய ஆனால் உண்மையில்லாத தகவலை அதற்குப் பிடிக்கத் தெரியாது. 04/05 என்று எழுதினால் ஏப்ரல் ஐந்தா, மே நாலா? கனடாவில் இரண்டு விதமாகவும் எழுதுவார்கள், இரண்டும் சரியான தேதி. விதியை இறுக்க இறுக்க, நடக்கமுடியாத தகவல் குறையும், நடக்கக்கூடிய பொய் கூடும்.

புள்ளிக் கதைக்குப் பிறகு நான் பயந்துபோய் கனக்கக் கட்டங்களில் 'கட்டாயம்' என்பதை எடுத்துவிட்டேன். தெரியாததை வெறுமையாக விடுங்கோ, பொய் எழுதாதேங்கோ என்று மேசைக்காரருக்கும் சொன்னேன். எடுத்த கட்டங்களில் ஒன்று அலர்ஜி.

பொங்கல் பட்டியலுக்கு வருவோம். கார்த்திகையில் அந்தப் பெடியனைப் பதிந்தபோது தாய், "டொக்டரின்ர கடிதத்தோட வடிவா எழுதித் தாறன்" என்று சொல்லியிருக்கிறார். மேசையில் இருந்தவர் நான் சொன்னபடியே கட்டத்தை வெறுமையாக விட்டார். ரீச்சரிடம் வாயால் சொல்லியாயிற்று. நத்தார் விடுமுறை வந்தது, கடிதம் வரவில்லை. முதல்நாள் இரவு நான் டேட்டாபேஸிடம் கேட்டது இதுதான்: அலர்ஜிக் கட்டத்தில் 'இல்லை' என்று இல்லாத எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் தா.

உங்களிடம் இப்படிக் கேட்டால் வெறும் கட்டக்காரரையும் சேர்த்துத்தான் தருவீர்கள். வெறும் கட்டத்தில் 'இல்லை' என்று எழுதியில்லையே. எஸ்கியூஎல் அப்படி நினைக்காது. அதற்கு வெறும் கட்டம் 'நல்', தெரியாதது. (தமிழில் நல் என்றால் நல்லது. இந்தச் சொல்லுக்கு இதைவிடப் பொருந்தாத ஒலி கிடையாது.) தெரியாத ஒன்று 'இல்லை' என்பதற்குச் சமமா, சமமில்லையா? விடை: அதுவும் தெரியாது. எஸ்கியூஎலில் ஆம், இல்லை என்ற இரண்டு விடையோடு தெரியாது என்ற மூன்றாவதும் உண்டு. பட்டியல் எடுக்கும்போது 'ஆம்' என்று நிச்சயமான வரிகளை மட்டும்தான் தரும். அந்தப் பெடியனின் வரி 'தெரியாது', அதனால் விழுந்துவிட்டது.

செக் விதியில் இதே விஷயம் நேர்மாறாக நடக்கும். அங்கே 'இல்லை' என்று நிச்சயமானால் மட்டும்தான் மறுப்பு. 'தெரியாது' என்றால் போகவிடும். நான் வைத்திருந்த இன்னொரு விதி, அலர்ஜி உறுதிசெய்த தேதி பிள்ளை சேர்ந்த தேதிக்கு முந்தியதாக இருக்கக்கூடாது என்பது. தேதியே இல்லாவிட்டால்? மறுக்காது, பேசாமல் உள்ளே விடும். ஆக, தெரியாதவனை வாசலில் உள்ளே விட்டுவிட்டு, பெயர் கூப்பிடும்போது கூப்பிடாமல் விடுகிற இடம் இது. முதுமாணிப் படிப்பில் இதே கேள்விக்கு முழுப் புள்ளி எடுத்தவன் நான். பரீட்சைத் தாளில் கஜு இருக்கவில்லை.

இதைப் பற்றி முதலே ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார். 1970இல் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் கொட் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இன்றைக்கு நாங்கள் பாவிக்கிற இந்த அட்டவணை டேட்டாபேஸ்கள் எல்லாம் வந்தன. 1985இல் அவர் எழுதிய விதிகளில் மூன்றாவது, தகவல் இல்லை என்பதைக் காட்ட ஒரு முறையான வழி வேணும், அது வெறும் சொல்லாகவோ சுழியமாகவோ இருக்கக்கூடாது என்பது. 1990இல் வந்த புத்தகத்தில் இன்னும் ஒரு படி போய், இல்லாமையை இரண்டாகப் பிரிக்கச் சொன்னார்: இருக்கவேண்டியது ஆனால் இன்னும் தெரியாது என்பது ஒன்று, இவருக்கு அது பொருந்தவே பொருந்தாது என்பது மற்றது. எஸ்கியூஎல் அந்தப் பிரிவை எடுத்துக்கொள்ளவில்லை, ஒரே நல்லோடு நின்றுவிட்டது. என் இரண்டு பிழையும் அந்த இரண்டு வகையில் ஒவ்வொன்று. கடைசிப் பெயர் எங்கட ஆட்களுக்குப் பொருந்தாத கேள்வி. அதைக் கட்டாயம் ஆக்கினேன். அலர்ஜி எல்லாப் பிள்ளைக்கும் பொருந்துகிற, விடை இருந்தே ஆகவேண்டிய கேள்வி. அதைச் சும்மா விட்டேன்.

பொங்கல் முடிந்து இரண்டு வாரத்தில் மாற்றி எழுதினேன். பெயருக்கு இப்போது ஒரே கட்டம், 'பிள்ளையின் பெயர், சான்றிதழில் எப்படி வரவேணுமோ அப்படி'. அலர்ஜிக்கு மூன்று நிலை: இருக்கு, இல்லை, இன்னும் கேட்கவில்லை. வெறுமை கிடையாது. ஒருவரும் ஒன்றும் செய்யாவிட்டால் 'இன்னும் கேட்கவில்லை' என்று தானாக விழும். 'இருக்கு' என்றால் எது என்ற விபரம் இல்லாமல் சேமிக்காது. 'இல்லை' என்று போடுவது முன்பு மிகச் சுலபமாக இருந்தது, இப்போது அதுதான் கஷ்டம்: பெற்றோரில் யார் சொன்னது, எந்தத் தேதி என்ற இரண்டும் வேணும். குசினிப் பட்டியல் 'இல்லை' என்று உறுதியானவர்களைத் தவிர்த்து மிச்சம் எல்லாரையும் தரும். உறுதிசெய்து ஒரு வருடம் தாண்டியிருந்தால் அவர்களும் பட்டியலில் வருவார்கள்.

மேசையில் இருக்கிற அண்ணை இதை ரசிக்கவில்லை. "உம்மட கொம்பியூட்டர் பொலிஸ் மாதிரிக் கேள்வி கேக்குது, ஆக்கள் குளிருக்க நிக்கினம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் அவருக்கு இப்போது அவசரமென்றால் பொய் எழுதத் தேவையில்லை. 'இன்னும் கேட்கவில்லை' என்றே விட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிடலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அந்தப் பெயர் பட்டியலில் வந்து நின்றுகொண்டே இருக்கும், யாராவது கேட்கும்வரை.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன், பங்குனியில் இன்னொன்று. ஒரு வீட்டில் அண்ணனுக்குக் கச்சான் ஒத்துவராது, தம்பிக்கு ஒரு பிரச்சினையும் இல்லை. விபரங்களைத் துப்புரவாக்கிய தொண்டர் ஒருவர் ஆளை மாறி அண்ணனுக்கு 'இல்லை' என்று போட்டுவிட்டார். யார் சொன்னது, தாய். எந்தத் தேதி, இன்றைக்கு. எல்லா விதியும் சரி, ஏனென்றால் தம்பியைப் பற்றித் தாய் உண்மையிலேயே அப்படித்தான் சொல்லியிருந்தார். செக் விதி புதிதாக வருகிற வரியை மட்டும்தான் பார்க்கும், அதற்கு முன் அங்கே என்ன இருந்தது என்று அதற்குத் தெரியாது. 'இல்லை' என்பது அனுமதிக்கப்பட்ட விடை. 'இருக்கு' என்பதிலிருந்து 'இல்லை' என்று போவதுதான் விறைப்பாகப் பார்க்கவேண்டிய விஷயம்.

அதற்கு 'ட்ரிகர்' என்று ஒன்று இருக்கிறது. ஒரு வரி மாறப்போகும் நேரத்தில் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அதன் பிறகு விடுவதா மறுப்பதா என்று முடிவெடுக்கிற ஒரு சின்ன நிரல்துண்டு. 'இருக்கு' என்பதை 'இல்லை' ஆக்க இப்போது இரண்டு பேர் வேணும்: ஒருவர் மாற்றக் கேட்பார், இன்னொருவர் பெற்றோரோடு கதைத்துவிட்டு ஒப்புதல் தருவார். மாற்றவே முடியாது என்று பூட்டிவிடவும் முடியாது. முட்டை, பால் அலர்ஜி கனக்கப் பிள்ளைகளுக்கு வளர வளரப் போய்விடும், டொக்டரே பார்த்துவிட்டு இனிச் சாப்பிடலாம் என்பார். மறுபக்கம், 'இல்லை' என்பதை 'இருக்கு' ஆக்க ஒரு ஆள் போதும், கேள்வி கிடையாது. ஒரே கட்டம், போகிற திசையைப் பொறுத்து வேறு விதி. இதை எழுதும்போதுதான் இந்த வேலையில் எனக்கு முதல்முறை கொஞ்சம் திருப்தி வந்தது.

பழைய விடை அழிவதும் இல்லை. எதிலிருந்து எதற்கு, யார், எத்தனை மணிக்கு என்று வேறொரு அட்டவணையில் விழும், அதில் சேர்க்கலாம், திருத்தவோ அழிக்கவோ ஒரு தொண்டருக்கும் அனுமதி இல்லை. எனக்கு இருக்கிறது, ஏனென்றால் டேட்டாபேஸின் சொந்தக்காரனாக நான்தான் இருக்கிறேன். என்னைக் கட்டுப்படுத்த நானே விதி எழுத முடியாது. அதிபரிடம் இதைச் சொல்லி, மாதம் ஒருக்கா அந்த அட்டவணையின் பிரதி அவருக்கு ஈமெயிலில் போகும்படி செய்திருக்கிறேன். அவர் திறந்து பார்க்கிறாரோ தெரியாது.

ஒன்றை மட்டும் விதியாக எழுத மறுத்துவிட்டேன். பிள்ளையை யார் கூட்டிக்கொண்டு போகலாம் என்ற பட்டியல். அதையும் இப்படியே இரண்டு பேர் ஒப்புதலோடு தானியங்கியாக்கித் தரச் சொல்லிக் கேட்டார்கள். தாயும் தகப்பனும் பிரிந்து வாழும் வீடுகள் எங்கள் வகுப்பிலும் இருக்கின்றன. ஒருவர் பெயரை எடு என்று ஒருவர் சொல்லும்போது, நீதிமன்றக் கடிதம் இருக்கிறதா, வெறும் கோபமா என்று ஒரு செக் விதிக்கு எப்படித் தெரியும்? அந்தக் கட்டத்தை அதிபர் ஒருவரால்தான் மாற்ற முடியும், அவர் ஆட்களைக் கூப்பிட்டுக் கதைக்கவேணும். டேட்டாபேஸ் எழுதத் தெரிந்தவர்களுக்கு எல்லாவற்றையும் விதியாக்கிப் பார்க்கிற ஒரு வியாதி இருக்கு, எனக்கும்தான்.

ஒன்ராறியோவில் இருப்பவர்கள் சப்ரினா சட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2003இல் பள்ளிக்கூடத்தில் சாப்பிட்ட பிறகு ஒவ்வாமையால் இறந்துபோன 13 வயதுப் பிள்ளை சப்ரினா ஷனனின் பெயரில் 2005இல் நிறைவேறி, 2006 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. கடும் ஒவ்வாமை உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அதிபர் ஒரு கோப்பு வைத்திருக்கவேணும், அதில் சிகிச்சை விபரமும் அவசரத் தொடர்பும் அன்றன்றைய நிலையில் இருக்கவேணும் என்று அது சொல்கிறது. சட்டம் பள்ளிச் சபைகளுக்கானது. மண்டபம் எடுத்து நடத்துகிற எங்களைப் போன்ற வகுப்புகளை யாரும் வந்து கேட்கப்போவதில்லை. ஆனால் பிள்ளை அதே பிள்ளைதானே, திங்கட்கிழமை ஒரு கட்டடம், சனிக்கிழமை இன்னொரு கட்டடம்.

அதனால் பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் நிரப்புகிற படிவத்துக்குப் பின்னால் என்னைப் போல ஒருவன் எழுதிய விதிகள் இருக்கும், அவை உங்களுக்குத் தெரியாது. அலர்ஜிக் கட்டத்தை 'இல்லைத்தானே' என்று வெறுமையாக விடாதீர்கள், 'இல்லை' என்று எழுதுங்கள். கடிதம் பிறகு தருகிறேன் என்பவர்கள் அதுவரைக்கும் கட்டத்தில் 'கஜு, கடிதம் வரும்' என்றாவது எழுதிவிடுங்கள். ரீச்சரிடம் வாயால் சொல்வது நல்லது, அது எங்களைக் காப்பாற்றியும் இருக்கிறது, ஆனால் மேசையிலும் சொல்லுங்கள். பிள்ளைக்கு ஏதாவது மாறினால், பழைய படிவத்தைத் திருத்தினார்களா, புதிதாக ஒன்று சேர்த்தார்களா என்று கேளுங்கள். இரண்டு படிவம் இருந்தால் குசினிக்கு எது போகும் என்று அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம். அப்பம்மாவோ தாத்தாவோ கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்தால், வீட்டுக்கு வந்த பிறகு என்ன பதிந்தது என்று ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள்.

சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலுக்குப் புதுப் பட்டியலை ஒட்டினேன். முந்திப் பதினொரு பெயர் இருந்த இடத்தில் முப்பத்தாறு. பன்னிரண்டு பேர் 'இருக்கு', மிச்சம் 'இன்னும் கேட்கவில்லை'. அம்மாமார் பார்த்துவிட்டு இவ்வளவு பேருக்கு எப்படித் தனியாகச் சமைப்பது என்று தலையில் கை வைத்தார்கள். ரீச்சர் ஒரு பேனையை எடுத்துக்கொண்டு மூலையில் கதிரை போட்டு இருந்து ஒவ்வொரு வீடாகப் போன் எடுத்தார். பத்தரை மணிக்கு ஏழு பெயர் மிச்சம். பாயசத்துக்குக் கஜு போடவேண்டாம், வேணுமென்றவர்களுக்கு மேலே தூவ ஒரு கிண்ணத்தில் புறம்பாக வைப்போம் என்று குசினியில் முடிவாகியது. அது என்னுடைய எந்த அட்டவணையிலும் இல்லாத விதி.